பயிற்சிக்குப் போனால் பணம் தருவார்களா?

சமூக மாற்றத்துக்கான அடித்தளத் தலைவர்களை உருவாக்கும் தங்கும் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு ஊரில் ஒரு வேலையை நடத்தி வருகிறேன் என்று தெரிந்தால், எங்கள் கடற்கரைப் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். தரமாட்டார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சிச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. திட்டம் தொடங்கக் கையில் காசு எதுவும் தருவதில்லை. பிறகு எதற்குப் போக வேண்டும் என்று அடுத்த கேள்வி வரும். ஒரு வரியில் சொல்ல எனக்கு வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில். அம்மா தலைச்சுமையாக மீன் விற்று என்னை பி.காம். படிக்க வைத்தார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு எங்கள் கடற்கரைக்கு வராத தொண்டு நிறுவனம் இல்லை. அவற்றில் ஒன்றில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் வேலை எனக்குக் கிடைத்தது. அந்த வேலையில் ஒன்று புரிந்தது: எல்லாப் படிவத்திலும் கடைசியில் தையல் இயந்திரம் அல்லது மீன் ஊறுகாய் வந்து நிற்கும். இந்தப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது நானும் ஊறுகாய்தான் எழுதினேன். கணவனை இழந்த பெண்களுக்கு மீன் ஊறுகாய், கருவாடு தயாரிக்கும் சிறு தொழிற்கூடம். விண்ணப்பத்தில் அது நன்றாகவே இருந்தது.

விண்ணப்பத்தில் படிப்பைப் பற்றி ஒரு வரிதான் கேட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் நான் வளர்ந்த விதம், எது என்னை உறுத்துகிறது, அதைப் பற்றி இதுவரை என்ன செய்திருக்கிறேன் என்பவை. தமிழிலேயே எழுதலாம் என்று இருந்ததால் தைரியம் வந்தது. நேர்முகத்தில் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் நினைவிருக்கிறது: "நீங்கள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டால் இதை யார் நடத்துவார்கள்?" கல்யாணமாகிவிட்டது, மாப்பிள்ளை அதே ஊர்தான் என்றேன். சிரித்தார்கள். ஆனால் கேள்வியை விடவில்லை.

பயிற்சி நாகர்கோவிலிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில். என்னோடு இருந்தவர்களில் பனையேறும் குடும்பத்துப் பையன், முந்திரி ஆலையில் வேலை பார்த்த அக்கா, குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து சக்கர நாற்காலியில் வந்த பெண் ஆகியோரை மறக்க முடியாது. வகுப்புகளில் சில உபயோகம், சில வெறும் சடங்கு. பிரச்சினையை மரமாக வரைந்து வேரையும் கிளையையும் பிரிப்பது எல்லாரும் செய்வது, நாங்களும் வரைந்தோம். வரவு செலவுத் திட்டம் எழுதுவது உண்மையிலேயே உபயோகமாக இருந்தது. எனக்கு மிகவும் கைகொடுத்தது வேறொன்று. பயிற்சியாளர் அரசு அலுவலக எழுத்தராக உட்கார்ந்துகொள்வார், நாங்கள் மனுவோடு போக வேண்டும். "ஆபீசர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்பார். அழுதாலும் கத்தினாலும் மனு ஏறாது. மனு பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ரசீது கேட்டு நிற்பவருக்குத்தான் வேலை நடக்கும் என்பது உடம்பில் ஏறும்வரை அதையே செய்ய வைத்தார்கள்.

ஒரு நாள் வெள்ளாயணிக்கு அழைத்துப் போனார்கள். திருவனந்தபுரத்தை ஒட்டிய அந்தக் காயல் பக்கத்தில்தான் 'காந்தாரி' இருக்கிறது. சிறுவயதிலேயே பார்வை இழந்த ஜெர்மானியப் பெண் சப்ரியே டென்பெர்கனும், நெதர்லாந்தைச் சேர்ந்த பால் குரோனன்பெர்கும் தொடங்கிய பயிற்சி நிறுவனம். திபெத்திய எழுத்துக்கு பிரெயில் முறை அமைத்தவர் சப்ரியே; அங்கே பார்வையற்ற பிள்ளைகளுக்கு இருவரும் சேர்ந்து பள்ளி நடத்தினார்கள். 2009 முதல் வெள்ளாயணியில் பல நாட்டுக்காரர்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். தேர்ந்தெடுக்கும்போது பட்டத்தைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஒரு பிரச்சினையில் தானே அடிபட்டு, அதை மாற்றக் கிளம்பியவரா என்று பார்க்கிறார்கள். திரும்பி வரும் பேருந்தில் முந்திரி ஆலை அக்கா, "அப்போ நம்ம சர்ட்டிபிகேட் நம்ம கையிலயே இருக்கு" என்று ஓடு உடைத்துக் கறுத்த விரல்களைக் காட்டினார்.

நடுவில் எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஒரு நிபந்தனை: திட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கேட்க வேண்டும், எழுத வேண்டும், அவ்வளவுதான். யாரிடம் கேட்கிறோமோ அவர்களுடைய ஒரு நாளை மணி வாரியாக எழுதி வரச் சொன்னார்கள். எங்கள் ஊரில் இதற்கு ஆள் கூட்டுவது எளிது. ஆலயப் பங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேரும் அன்பியக் கூட்டங்களில் பெண்கள் ஏற்கெனவே கூடி உட்கார்ந்து பேசிப் பழகியவர்கள். பங்குத்தந்தையிடம் சொன்னதும் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு அறிவித்துவிட்டார்.

அவர்கள் சொன்ன நாள் இப்படி இருந்தது. மூன்று மணிக்கு எழும்புவது. நாலு மணிக்குக் கடற்கரையில் ஏலம். சாளையோ நெத்திலியோ அயிலையோ அன்றைக்கு விழுந்தது. நாலைந்து பேர் சேர்ந்து ஆட்டோ பிடித்து, மீன் வைக்கும் அகன்ற பாத்திரமான சருவத்தை ஏற்றி, உள்நாட்டுச் சந்தைக்குப் போய்ச் சேர ஆறு, ஆறரை. பேருந்தில் போனால் என்ன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் நாற்றம் என்று ஒரு மூதாட்டியைப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டதைத் தமிழ்நாடே பார்த்தது. பணியிடை நீக்கம் வரைக்கும் போனது. அதற்குப் பிறகும் சருவத்தோடு ஏறும்போது முகம் சுளிப்பு குறையவில்லை. சரி, சந்தையில் மதியம் இரண்டு மணி வரை இருப்பு. அதுவரை தண்ணீர் குடிப்பதில்லை.

ஏன் என்று கேட்டதற்கு ஒரு மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "மக்களே, நீ ஊறுகா போடு, வேண்டாமுண்ணு சொல்லல்ல. மொதல்ல எங்களுக்கு ஒண்ணுக்குப் போக ஒரு எடம் உண்டாண்ணு பாரு." நான் ஊறுகாயைப் பற்றி மூச்சு விடவில்லை, ஆனால் ஊருக்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது! அம்மாவும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதும், நீர்க்கடுப்பு என்று அடிக்கடி படுப்பதும் நான் சின்ன வயதிலிருந்து பார்த்தவை. வெயிலில் இருந்துவிட்டு வருவதால் என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

இரண்டாவது பிரச்சினை வட்டி. காலையில் ஆயிரம் என்று எழுதித் தொள்ளாயிரம் கொடுப்பார்கள், சாயங்காலம் ஆயிரமாகத் திருப்ப வேண்டும். 2003-லேயே தமிழ்நாட்டில் தின வட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் வந்துவிட்டது. இருந்தும் ஏன் வாங்குகிறார்கள்? ஏலம் நாலு மணிக்கு, வங்கி திறப்பது பத்து மணிக்கு. அந்த நேரத்தில் காசோடு கடற்கரையில் நிற்பவர் வட்டிக்காரர் ஒருவர்தான். எங்கள் மாவட்டத்தில் மீனவர் சங்கங்கள் எழுபதுகளிலேயே தொடங்கி, கடன் கொடுத்த வியாபாரியின் பிடியிலிருந்து ஏலத்தை மீட்டெடுத்தன. அந்தச் சங்கங்களின் பயன் பெரும்பாலும் வள்ளம் வைத்திருக்கும் ஆண்களுக்கு. மீனை வாங்கித் தலையில் சுமப்பவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை.

பயிற்சிக்குத் திரும்பியபோது பெரும்பாலானோரின் திட்டம் மாறியிருந்தது. பனையேறி வீட்டுப் பையன் கருப்பட்டிக்கு விற்பனைச் செயலி செய்ய நினைத்திருந்தவன், விபத்துக் காப்பீட்டுப் பதிவு பக்கம் போய்விட்டான். கடைசி வாரம் மேடையேறி நன்கொடையாளர்கள் முன்னால் பேச வேண்டும். ஊறுகாயை விட்டுவிட்டு நான் எடுத்துக்கொண்ட சந்தைக் கழிப்பறைக்கும் நாலு மணி ஏலக் காசுக்கும் கைதட்டல் குறைவாகவே கிடைத்தது. அந்த மேடை நிகழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். கண்ணீர் வரவைப்பவருக்குப் பணம் என்று ஆகிவிட்டால் பிரச்சினையைப் பெரிதாக்கிப் பேசும் பழக்கம் வந்துவிடும்.

ஊரில் வேலை தொடங்கியது ஒரு பூட்டிலிருந்து. அந்தச் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டி ரொம்ப காலமாகிறது. பூட்டி, உள்ளே காலிப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். சாவி, சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவரின் ஆளிடம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. பயிற்சியில் கற்றது இங்கே உதவியது: "ஏன் பூட்டியிருக்கிறது" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்க வேண்டும். குத்தகை ஒப்பந்த நகல், சருவம் ஒன்றுக்கு வசூலிக்க வேண்டிய கட்டணம், குத்தகைதாரர் செய்து தர வேண்டிய வசதிகள் என்று மூன்றே மூன்று கேட்டோம். வந்த பதிலில் இருந்த கட்டணம் பெண்கள் அன்றாடம் கொடுத்துவந்ததைவிடக் குறைவு.

அதை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகலாம் என்றார்கள் சிலர். வயதான மாமிமார் வேண்டாம் என்றார்கள். நாளைக்கும் அங்கேதான் உட்கார வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்பந்த நகலை இணைத்து மனு கொடுத்தோம், ரசீது வாங்கினோம். கொஞ்ச நாளில் கட்டணப் பலகை வந்தது. சாவியும் வந்தது, சுத்தம் செய்வது எங்கள் பொறுப்பு என்ற நிபந்தனையோடு. அது நியாயமா என்றால் இல்லை. ஒப்பந்தப்படி அவர்கள் செய்ய வேண்டியது. ஆனால் சந்தை நாளுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்துவிட்டார்கள், சாவி இன்று எங்களிடம் இருக்கிறது. குழாயில் மட்டும் இன்னும் தண்ணீர் வரவில்லை, டிரம்மில் விலைக்கு வாங்குகிறோம்.

நாலு மணிக் காசுக்கு ஒரு டப்பா. வாரச் சேமிப்பில் சேர்ந்தது அதில் இருக்கும், கடற்கரையை ஒட்டிய வீட்டு அக்காவிடம். காலையில் எடுத்து, சாயங்காலம் சிறு தொகை கூட்டித் திருப்ப வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து, இல்லாவிட்டால் பெருவிரல் ரேகை. சாலையோர வியாபாரிகளுக்கான கடன் திட்டம், 2020-ல் பத்தாயிரத்தில் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி, நகர்ப்புறச் சந்தையில் உட்காரும் சிலருக்குக் கிடைத்தது. அதற்கு வியாபாரி என்ற சான்று வேண்டும். 2014-ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி வியாபாரிகளை அடையாளம் காணும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. இப்போது ஒருவர் அதற்கு நிற்கிறேன் என்கிறார்.

அமைப்பைச் சங்கமாகப் பதிவு செய்வதைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம், அவசரப்படாதீர்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் குறைந்தது ஏழு பேர், துணை விதிகள், முகவரிச் சான்று வேண்டும். பதிவான பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்குத் தாக்கல் எல்லாம் தவறக் கூடாது. நாங்கள் டப்பாவும் சாவியும் நிலைத்து நின்ற பிறகுதான் பதிவு செய்தோம், அதுவும் பெயரிலும் நோக்கங்களிலும் திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பி, அலைந்துதான். நன்கொடை கொடுப்பவருக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால் 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரிப் பதிவுகள் வேண்டும். முதலில் தற்காலிகமாகத்தான் தருவார்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் பொதுவாக மூன்று வருடம் செயல்பட்டு 15 லட்சம் செலவு காட்டியிருக்க வேண்டும். டப்பா வைத்து நடத்துபவர்களுக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை.

என்னோடு படித்தவர்களில் சிலர் விட்டுவிட்டார்கள். முந்திரி ஆலை அக்கா வீட்டில் சம்மதிக்காமல் மறுபடியும் ஆலைக்கே போய்விட்டார், அங்கே வருங்கால வைப்பு நிதிக் கணக்குச் சரிபார்க்க மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். இதைப் பயிற்சி நிறுவனத்தின் அறிக்கையில் 'தொடராதவர்' என்று போட்டிருக்கிறார்கள், எனக்கு ஒப்புதல் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: வீட்டில் முதலில் பேசுங்கள், மாதக்கணக்கில் வெளியே தங்க வேண்டும். சின்னப் பிள்ளை இருந்தால் கூட்டிக்கொண்டு வரலாமா என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்; நான் கேட்டேன், அனுமதித்தார்கள். வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒரே பெயர் எழுத்தில் இருக்கட்டும். ஊறுகாய்த் திட்டம் இருந்தால் அதையும் எழுதுங்கள், தவறில்லை. எங்கள் ஊரில் இரண்டு பேர் இப்போது அதைக் கேட்கிறார்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் கிடைக்காத ஜூன், ஜூலைக்கு என்ன செய்வது என்ற கணக்கில்தான் பேச்சு நிற்கிறது.