டிப்.ஆர்.பி. ரிசல்ட் வந்தாச்சு: கிராஸ் செக்‌ஷன் கணக்குக்கு நான் படித்த விதம்

டிப்.ஆர்.பி., அதாவது கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ, ரிசல்ட் நேற்று வந்தது. பாஸ். எழுத்துத் தேர்வுதான் கைகொடுத்தது. வைவா மதிப்பெண்ணை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, அதை விடுங்கள். அடுத்த பேட்ச்சில் இதைப் படிக்க மும்பை அணுசக்தி நகருக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன்.

கிராஸ் செக்‌ஷன் என்றால் ஒரு துகள் அணுவிலோ எலக்ட்ரானிலோ மோதும் வாய்ப்பின் அளவு. இங்கே எல்லோரும் அதன் டேபிளை மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அது வராது. கோபால்ட்-60 ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதன் இரண்டு காமாக்கள் 1.17, 1.33, சராசரி 1.25 எம்இவி (ஆற்றல் அலகு). தண்ணீரில் அந்த ஆற்றலுக்கு இரண்டே எண்கள்: மாஸ் அட்டென்யுவேஷன் (கற்றையிலிருந்து ஃபோட்டான் கழலும் அளவு) 0.0632, மாஸ் எனர்ஜி அப்சார்ப்ஷன் (தண்ணீரில் தங்கும் ஆற்றலின் அளவு) 0.0296, இரண்டும் கிராமுக்குச் சதுர செ.மீ.யில். டோஸ் (ஒரு கிலோவில் உறிஞ்சப்படும் ஆற்றல், அலகு கிரே) கேட்டால் இரண்டாவதுதான். சதுர செ.மீ.க்கு 1,000 கோடி ஃபோட்டான் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஈக்விலிப்ரியம் (ஓரிடத்துக்குள் எலக்ட்ரான் கொண்டுவரும் ஆற்றலும் வெளியே கொண்டுபோவதும் சமம்) இருந்தால் 0.059 கிரே வரும். முதல் எண்ணைப் போட்டால் 0.127. காம்ப்டனில் (எலக்ட்ரானில் மோதி) சிதறிய ஃபோட்டான் வெளியே தூக்கிப்போகும் ஆற்றலையும் நோயாளி கணக்கில் ஏற்றிவிடுகிறோம். இங்கே கைமாறிச் சுற்றும் பழைய நோட்ஸ் ஒன்றில் இந்த இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. எழுதிய புண்ணியவான் யாரோ!

அதே எண்ணைத் திருப்பியும் ஓட்டலாம். ஒரு கிராம் தண்ணீரில் 3.34×10²³ எலக்ட்ரான். 0.0632-ஐ அதால் வகுத்தால் எலக்ட்ரானுக்கு 0.19 பார்ன் (கிராஸ் செக்‌ஷன் அலகு, 10⁻²⁴ சதுர செ.மீ.). காம்ப்டன் கிராஸ் செக்‌ஷனுக்கான க்ளைன்-நிஷினா சூத்திரத்தின் விடை சரியா என்று பார்க்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

தெர்மல் (வேகம் குறைந்த) நியூட்ரானைப் பிடிக்கும் கிராஸ் செக்‌ஷன்:
- போரான்-10: 3,840 பார்ன். அதிலிருந்து பிறக்கும் ஆல்பா, லித்தியம் இரண்டும் ஒரு செல் அளவுக்குள் நின்றுவிடும்.
- ஹைட்ரஜன்: 0.33 பார்ன், 2.22 எம்இவி காமா.
- நைட்ரஜன்-14, புரோட்டான் வெளிவருவது: 1.8 பார்ன், 0.6 எம்இவி சுமார்.
- கார்பன், ஆக்சிஜன்: மறந்துவிடுங்கள்.

ஹைட்ரஜன் எண் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். உடம்பில் அணு எண்ணிக்கையில் அதுதான் மிகுதி. போரான் சிகிச்சையில் (கட்டியில் போரானை ஏற்றி நியூட்ரான் பாய்ச்சுவது) கட்டிக்கு வெளியேயும் காமா டோஸ் வருவது அதனால்தான்.

லினாக்கில் (எக்ஸ்ரே சிகிச்சை மெஷின்) 10 எம்விக்கு மேல் போனால் ஃபோட்டோநியூட்ரான், அதாவது ஃபோட்டான் அணுக்கருவிலிருந்து தட்டி வெளியேற்றும் நியூட்ரான். தலைப்பகுதியின் டங்ஸ்டன், ஈயத்திலிருந்துதான் பெரும்பாலும் வரும். ஆக்சிஜனுக்கு 15.7 எம்இவி வேண்டும்.

அப்புறம் புரோட்டான். நவி மும்பை கார்கரில் புரோட்டான் சிகிச்சை மெஷின் ஓடுகிறது, வைவாவில் கேட்காமல் விடமாட்டார்கள். தண்ணீரில் ஒவ்வொரு செ.மீ.க்கும் சுமார் 1 சதவீதம் புரோட்டான் நியூக்ளியர் மோதலில் கழன்றுவிடும், பிராக் பீக் (புரோட்டான் நிற்குமுன் டோஸ் உச்சமாகும் இடம்) வரை வருவது மிச்சம். இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மேலே பேசினால் அதிலிருந்தே அடுத்த கேள்வி.