சித்தியின் பித்தப்பையும் போடாத ஊசியும்

ஜூலை 8, 2024, திங்கள்

இரவு எட்டரைக்கு சித்தப்பா போன் பண்ணினார். குரலிலேயே சண்டை தெரிந்தது. வியாழக்கிழமை பாண்டிச்சேரியில் சித்திக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன். லேப்ராஸ்கோபிதான், வயிற்றில் நாலு சின்ன ஓட்டை போட்டுக் கேமரா விட்டுச் செய்வது. ஆன்டிபயாடிக் எத்தனை நாள் என்று சர்ஜனிடம் கேட்டிருக்கிறார், இவங்களுக்குத் தேவைப்படாது என்று சொல்லிவிட்டாராம். "எதிர்வீட்டுத் தம்பிக்கு அஞ்சு நாள், காலையும் ராத்திரியும் ஊசி போட்டாங்கம்மா. இவரு என்னடான்னா ஒண்ணுமே வேணாங்கறாரு. நம்மள ஏமாத்தறாங்களா?" பன்னிரண்டு வருஷமாக ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக நிற்கிறேன், ஆனாலும் நம் வீட்டு ஆள் என்றதும் ஒரு நிமிஷம் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. அதை இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

டியூட்டிக்குப் போகிற பஸ்ஸில், ரெட்டிச்சாவடி தாண்டினதிலிருந்து அரியாங்குப்பம் வரை இதையே படித்துக்கொண்டு போனேன். 2013-ல் அமெரிக்காவில் மருந்தாளுநர்கள், தொற்றுநோய் மருத்துவர்கள், சர்ஜன்கள் சங்கங்கள் சேர்ந்து போட்ட வழிகாட்டி தெளிவாகவே இருக்கிறது: சாதாரணக் கல், முன்கூட்டியே நாள் குறித்துச் செய்கிற ஆபரேஷன், ஆபத்துக் காரணம் எதுவும் இல்லை என்றால் ஆன்டிபயாடிக் வேண்டாம். சர்க்கரை இருந்தால், எழுபது வயது தாண்டியிருந்தால், மஞ்சள் காமாலை இருந்தால், ஒரு மாதத்துக்குள் வலி வந்திருந்தால் கதை வேறு. சித்திக்கு வயது 46, சர்க்கரை இல்லை, கடைசியாக வலி வந்தது சித்திரையில்.

ஆனால் டாக்டர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பின் 2010 அலசல் 11 சோதனைகள், 1664 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, போடலாம் என்றும் சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது என்று கையை விரித்துவிட்டது. 2014-ல் ஜப்பானில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய சோதனையில் ஊசி போட்டவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்திருக்கிறது. சரி, இருக்கட்டும். அங்கேயும் ஒரு நாளோடு நிறுத்திவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்த பிறகும் தடுப்புக்கென்று ஊசியை நீட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லியாயிற்று. ஒன்றுமே வேண்டாமா, ஒரு டோஸாவது போடலாமா என்பதுதான் சண்டை. எதிர்வீட்டுத் தம்பியின் அஞ்சு நாள் அந்தச் சண்டைக்குள்ளேயே வராது.

ஜூலை 10, புதன்

சாயங்காலம் கூத்தப்பாக்கம் போய் இதையெல்லாம் சொன்னேன். சித்தப்பா தலையை ஆட்டினார், நம்பவில்லை. அவரிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது.

நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் பித்தப்பை என்று வந்தால் எல்லோருக்கும் அஞ்சு நாள் ஊசி. லேப்ராஸ்கோபி சாமான்களை குளுட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினி ட்ரேயில் ஊறப்போட்டு, கேஸுக்கு முன்னால் எடுத்து, மேலே டேங்கிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீரில் அலசுவோம். ஸ்டெரைல் வாட்டர் செலவு என்பார்கள். நானும் அலசியிருக்கிறேன். ஒரு அம்மா நாலாவது வாரம் வந்தார். தொப்புள் பக்கத்துத் தழும்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி, அழுத்தினால் தண்ணியாகச் சீழ். லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற சாதாரண கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி முறையில் தண்ணீரில் வாழ்கிற கிருமிகள் சில உண்டு, அதில் ஒன்று. வழக்கமான ஊசி எதற்கும் அசையாது. அவர் மாதக்கணக்கில் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். அஞ்சு நாள் ஊசி போட்டுக்கொண்டவர்தான் அவரும்.

அதனால் சித்தி போகிற ஆஸ்பத்திரியில் ஊசியைப் பற்றி நான் விசாரிக்கவில்லை, சாமான்களை ஆட்டோகிளேவ், அதாவது அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்கம், செய்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். செய்கிறார்கள்.

ஜூலை 11, வியாழன்

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. சர்ஜன் வெளியே வந்து பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். ஏழு கல், ஊறாத கொண்டைக்கடலை மாதிரி. "ஈரலை விட்டுப் பிரிக்கும்போது பை லேசா கிழிஞ்சு பித்தநீர் கசிஞ்சிடுச்சு. கழுவி, சிந்தின கல்லையெல்லாம் பொறுக்கிட்டோம். செஃபசோலின் ரெண்டு கிராம், ஒரு டோஸ் போட்டிருக்கு. அதோட சரி." சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "பாத்தியா, கடைசில போட்டாங்கல்ல?"

பதில் சொல்ல வரவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நான் வேகமாகத் தாண்டிப்போன ஒரு வரி அதே வழிகாட்டியில் இருக்கிறது: பை கிழிவது போன்ற சில விஷயங்கள் முன்கூட்டியே தெரியாது என்பதால், எல்லோருக்கும் ஒரே ஒரு டோஸ் கொடுப்பதும் நியாயமாக இருக்கலாம் என்று. போடுவதென்றால் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் போட வேண்டிய மருந்து அது. இனி யாராவது கேட்டால் அந்த ஒரு டோஸுக்காக நான் மல்லுக்கட்டப் போவதில்லை.

ஜூலை 12, வெள்ளி

சித்திக்கு வலது தோள் வலி, நெஞ்சுவலியோ என்று பயந்துவிட்டார். வயிற்றை உப்பவைக்க அடித்த கார்பன் டை ஆக்ஸைடு நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, ரெண்டு நாளில் போய்விடும். டிஸ்சார்ஜ் சீட்டில் பாராசிட்டமாலும் ஒரு அசிடிட்டி மாத்திரையும் மட்டும். சித்தப்பா சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

ஜூலை 15, திங்கள்

நினைத்தேன். மெடிக்கலில் தானாகவே அமாக்ஸிசிலின்-கிளாவுலனிக் ஆன்டிபயாடிக் மாத்திரைப் பட்டை ஒன்று வாங்கி வந்து மூன்று வேளை கொடுத்திருக்கிறார். சித்திக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. போனில் கத்தி நிறுத்தச் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இருபத்தைந்து நாள். மொபைல் டார்ச் அடித்து நாலு தழும்பையும் பார்த்தேன், தொப்புளை மட்டும் ரெண்டு தரம் அழுத்தினேன். உலர்ந்திருக்கிறது, கட்டி எதுவும் இல்லை. இன்னும் கொஞ்ச நாளைக்கு வாரம் ஒருமுறை வந்து பார்ப்பேன். சித்திக்கு நெத்திலிக் கருவாடு எப்போது சாப்பிடலாம் என்பதுதான் கவலை. கல் டப்பா டிவி ஸ்டாண்டில் இருக்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார் சித்தப்பா. அதன் பக்கத்திலேயே அந்த மாத்திரைப் பட்டை. மூன்று பிரித்துவிட்டதால் மெடிக்கல்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றாராம், மீதி ஏழு மாத்திரை வீணாய்ப் போச்சே என்று என்னிடம் புலம்புகிறார்.