சூப்பர்சார்ஜர் போட்டும் கம்பெனி ஈசியூவை வைத்துக்கொண்டே பெட்ரோல் கணக்கைச் சரிசெய்த அனுபவம்

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரை என் வண்டியில் மாட்டப் போகிறேன் என்றதுமே, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்பெனி கம்ப்யூட்டரான ஈசியூவைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் நாமே ட்யூன் பண்ணிக்கொள்ளும் ஸ்டாண்ட்அலோன் ஈசியூ போடு என்றுதான் பலரும் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. குளிரில் ஸ்டார்ட் ஆவது, ஏசி போட்டாலும் ஐடில் இறங்காமல் நிற்பது, இன்ஜின் தகவல்களைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வேலை செய்வது, இதெல்லாம் கம்பெனிக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தது. வெறும் 6 பி.எஸ்.ஐ பூஸ்டுக்காக (வளிமண்டலத்துக்கு மேல் ஏறும் காற்றழுத்தம்) அத்தனையையும் நானே முதலிலிருந்து ட்யூன் பண்ண வேண்டுமா?

உண்மையில் அந்த ஈசியூவுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், பூஸ்ட். என் வண்டியில் காற்றைக் கணக்கிடுவது இன்டேக்கின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்து, அது கிட்டத்தட்ட வளிமண்டல அழுத்தம் வரைதான் அளக்கும், அதைத் தாண்டினால் எர்ரர் கோட் விழுந்து செக் இன்ஜின் விளக்கு எரியும். சென்சாருக்குப் போகும் ஹோஸில் ஒருவழி வால்வு போட்டு பூஸ்ட் அங்கே போகாமல் தடுத்தேன். விளக்கு அணைந்தது, ஆனால் உள்ளே போகிற கூடுதல் காற்றுக்கு பெட்ரோல்?

அதற்கு எஃப்எம்யூ. பூஸ்ட் ஏற ஏற ஃப்யூவல் பிரஷரைப் பல மடங்கு ஏற்றுகிற ரெகுலேட்டர், பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் கம்பெனி ரெகுலேட்டருக்கு அடுத்து உட்காரும். இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாது, அதே நேரத்தில் அதிக பெட்ரோல் பாயும், அவ்வளவுதான். ஆனால் பிரஷரை இரண்டு மடங்காக்கினால் பெட்ரோல் இரண்டு மடங்காகாது, வர்க்கமூலக் கணக்குப்படி 41 சதவீதம்தான் கூடும். 6 பி.எஸ்.ஐ பூஸ்டில் காற்றும் அதிகபட்சம் அவ்வளவுதான் கூடும் என்பதால், 43 பி.எஸ்.ஐ-யில் இருந்த ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு வரும் பெட்ரோலின் அழுத்தம்) 92 வரை போக வேண்டும்: இரண்டு மடங்கு 86, அதோடு இன்ஜெக்டரை எதிர்த்துத் தள்ளும் பூஸ்ட் 6. அதாவது ஒரு பி.எஸ்.ஐ பூஸ்டுக்கு சுமார் 8 பி.எஸ்.ஐ.

ஃப்யூவல் பம்ப் இங்கேதான் மாட்டிக்கொண்டது. பிரஷர் ஏற ஏற எந்தப் பம்பும் தள்ளுகிற அளவு குறையும். பானெட்டைத் தாண்டி வைபர் பக்கத்தில் பிரஷர் கேஜைக் கட்டி ஓட்டிப் பார்த்தால், 5000 ஆர்பிஎம் வரை முள் ஒழுங்காக ஏறுகிறது, அப்புறம் பூஸ்ட் ஏறினாலும் முள் நின்றுவிடுகிறது, கூடவே புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் 13-ஐத் தாண்டுகிறது, அதாவது பெட்ரோல் போதவில்லை. காலை உடனே எடுக்க வேண்டிய இடம் அது. பெரிய பம்ப் போட்டு, பேட்டரியிலிருந்து தனி ரிலே வழியாகத் தடிமனான வயர் இழுத்தேன். பழைய வயரில் பம்புக்கு வந்துகொண்டிருந்த வோல்டேஜ் உண்மையிலேயே பரிதாபம், புதுப் பம்ப் வாங்குகிறவர்கள் வயரையும் மாற்றுங்கள் என்பேன்.

சரி, முழு த்ராட்டிலில் 11.8 நிலையாக நின்றது. ஆனால் நீளமான ஏற்றத்தில் மிதமாக மிதித்து ஓட்டிய பிறகு முழுசாக மிதித்தால் அதே வண்டி 12.7 காட்டியது! விடை ஸ்கேனரில் இருந்தது, லாங் டெர்ம் ட்ரிம், அதாவது ஈசியூ கற்றுக்கொண்டு பெட்ரோலில் செய்யும் திருத்தம், மைனஸ் 8 சதவீதம். லேசான பூஸ்டிலும் ஈசியூ க்ளோஸ்ட் லூப்பில்தான் (ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்துத் திருத்தும் முறை) இருக்கிறது, எஃப்எம்யூ கொடுக்கிற கூடுதல் பெட்ரோலைப் பார்த்து ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று குறைக்கிறது, அப்படிக் கற்றுக்கொண்டதை முழு த்ராட்டிலில் சென்சாரைப் பார்க்காமல் ஓடும் ஓபன் லூப்பிலும் கொண்டுபோகிறது. எஃப்எம்யூவின் ப்ளீட் ஸ்க்ரூவைத் திருகி, 2 பி.எஸ்.ஐ தாண்டிய பிறகே அது வேலையை ஆரம்பிக்கும்படி வைத்தேன். அதற்குக் கீழே ஈசியூவே தன் ஆக்ஸிஜன் சென்சாரை வைத்துச் சமாளித்துக்கொள்கிறது. ட்ரிம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. வைட்பேண்டை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டே இருக்காது, ட்ரிம்மையும் சேர்த்து லாக் பண்ணுங்கள்.

மேப் சிக்னலைக் குறைத்துக் காட்டி, பெரிய இன்ஜெக்டரை வைத்துச் சமாளிக்கும் வழியையும் யோசித்தேன், விட்டுவிட்டேன். லோடு குறைவு என்று நம்பி ஈசியூ இக்னிஷன் டைமிங்கை முன்னே தள்ளும், பூஸ்டில் அது நேராக நாக்கிங்தான் (கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிப்பது). என் அமைப்பிலேயே ஒரு பி.எஸ்.ஐ-க்கு ஒரு டிகிரி வீதம் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கத் தனிப் பெட்டி வைத்திருக்கிறேன்.

இதை 6 பி.எஸ்.ஐ-யோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூப்பர்சார்ஜரை வேகமாகச் சுற்றவைக்கும் சின்ன புல்லி போட்டு 9 போக ஆசைப்பட்டால், அந்த ரெயில் பிரஷரில் பழைய இன்ஜெக்டர்கள் திறக்கவே திணறும். அப்போது பெரிய இன்ஜெக்டர், 3 பார் மேப் சென்சார், கம்பெனி ஈசியூவிலேயே ரீமேப் (உள்ளிருக்கும் கணக்கை மாற்றி எழுதுவது) என்று போவதுதான் சரி.