உடைந்த இலைக்காம்பு

நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கிழக்குச் சன்னலோரம் ஒன்பது ஆப்பிரிக்க வயலெட் செடிகள் வளர்கின்றன. செடி வளர்ப்போர் மன்றத்தில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகு, இந்த வசந்தகாலத்தில்தான் அவற்றுள் ஒன்றைக் கண்காட்சி மேசையில் வைக்கத் துணிந்தேன்.

பூவின் அழகுக்கே பரிசு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். மதிப்பெண் முறையோ வேறு விதமானது: நூற்றில் இலைகளின் சீரான வட்ட அடுக்குக்கு 30, செடியின் நலத்துக்கு 25, பூக்களின் எண்ணிக்கைக்கு 25, பூவின் அளவுக்கும் வகைக்கும் 10, நிறத்துக்கு 10. இலையை இவ்வளவு மதிக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பூ சில வாரங்களில் வாடிவிடும், இலையடுக்கில்தான் வளர்த்தவரின் பல மாத உழைப்பு தெரியும்.

1892-ஆம் ஆண்டு வால்டர் ஃபான் செயின்ட் பால் இன்றைய தான்சானியாவின் உசம்பாரா மலைகளில் கண்டெடுத்த இச்செடி, அங்கே நிழலான பாறைகளில் பாசியோடு ஒட்டி வளர்வது. ஆகவே கடும் வெயில் இதற்கு ஆகாது; இலைமேல் குளிர்ந்த நீர் பட்டாலும் வெளிறிய தழும்பு விழுந்துவிடும். அறைச்சூட்டில் இருக்கும் நீரைத் திரி வழியாக அடியிலிருந்தே கொடுத்தேன். ஒளியை நோக்கி ஒரு பக்கமாகச் சாயாதிருக்க நாள்தோறும் தொட்டியைக் கால்வட்டம் திருப்பினேன். கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்புவரை மொட்டுகளைக் கிள்ளிவிட்டு, பிறகு ஒன்றாகப் பூக்க விட்டேன். மொட்டைக் கிள்ளும்போதெல்லாம் மனம் வலிக்கத்தான் செய்தது.

கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கையில் ஓர் இலைக்கடியில் பக்கக்கன்று ஒன்று கண்ணில் பட்டது. இவ்வகைச் செடிக்கு ஒரே குருத்துதான் இருக்க வேண்டும். இரண்டாவது குருத்து வளர்ந்துவிட்டால் நடுவர்கள் மதிப்பிடவே மாட்டார்கள். பென்சில் முனையால் அதை நெம்பி எடுத்தபோது பக்கத்து இலையின் காம்பு முறிந்து, வட்டத்தில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டது. ஓராண்டு உழைப்பு ஒரு நொடியில் குலைந்ததாகத் தோன்றியதால் அன்று மாலை முழுவதும் அச்செடியின் பக்கம் நான் போகவில்லை.

ஆயினும் மேசையில் வைத்தேன். பக்கத்திலேயே, கண்ணாடிக் குடுவைக்குள், ஆப்பிரிக்க வயலெட்டின் அதே கெஸ்னீரியா தாவரக் குடும்பத்தைச் சேர்ந்த சின்னிஞ்சியா புசில்லா என்னும் குறுஞ்செடி விரல்நகம் அளவு இலைகளோடு பூத்திருந்தது. அதைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றேன். என் செடிக்கு 80 முதல் 89 வரை மதிப்பெண் பெறும் செடிகளுக்குரிய சிவப்பு நாடா கிடைத்தது. இடைவெளியைச் சுட்டிக்காட்டிய நடுவர், மற்ற இலைகளின் தூய்மையைப் பாராட்டினார்.

முறிந்த இலையின் காம்பைச் சாய்வாக வெட்டி, ஈரமான வெர்மிகுலைட் என்னும் கனிமத் துகள்களில் நட்டு வைத்திருந்தேன். இன்று காலை அதன் அடியில் மூன்று சிறு கன்றுகள் தலைகாட்டியிருக்கின்றன.