கிளம்புகிற மாதம்

ஆகஸ்ட் 2
நால்வருக்கும் இடம் கிடைத்துவிட்டது, நாலும் வேறு வேறு கல்லூரி. நான், நெட்டையன், தூங்குமூஞ்சி மூவரும் விடுதிக்குப் போகிறோம். வாத்தி வீட்டிலிருந்தே போய்வரப் போகிறான். (எதைக் கேட்டாலும் பாடம் நடத்துவான், அதனால் அந்தப் பெயர்.) தினமும் பேசணும் என்று ஆளாளுக்குச் சத்தியம் செய்தோம். வாத்தி மட்டும் செய்யவில்லை.

ஆகஸ்ட் 5
கூட்டாகக் காசு போட்டு வாங்கிய கிரிக்கெட் மட்டை யாருக்கு என்று இன்று பஞ்சாயத்து. கைப்பிடி ரப்பர் கிழிந்துபோய் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருக்கிறோம். விளிம்பு விரிசலுக்குப் பசை தடவி நூல் சுற்றியிருக்கிறது. ஊரில் இருக்கப்போகிறவன் வாத்திதான், அவனிடமே இருக்கட்டும் என்று முடிவானது. “எனக்கு எதுக்குடா? யாரோட ஆடறது?” என்றான். யாரும் வாயைத் திறக்கவில்லை.

இத்தனை நாள் போகிறவர்களின் வருத்தத்தை மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம். போகிறவனுக்கு இடம் புதுசு, ஆட்கள் புதுசு, மூச்சுவிட நேரமிருக்காது. இருக்கிறவனுக்கு எல்லாம் அப்படியே இருக்கும், கூப்பிட்டால் வர ஆள்தான் இருக்காது.

ஆகஸ்ட் 8
வாத்தி ஆராய்ச்சியெல்லாம் படித்துவிட்டு வந்து உயிரை வாங்குகிறான். ராபர்ட்ஸ், டன்பார் என்ற இருவர் 2015இல் வெளியிட்டது. பள்ளி முடித்துக் கிளம்பிய 30 பேரை 18 மாதம் கவனித்தார்களாம். பெண்களின் நட்பு பேசிப் பேசியே தாக்குப்பிடித்திருக்கிறது. ஆண்களுக்குப் பேச்சு பெரிதாக உதவவில்லை, சேர்ந்து எதையாவது செய்தால்தான் நின்றிருக்கிறது. 30 பேரை வைத்து உலகத்துக்கே சொல்லிவிட முடியுமா என்று கேட்டேன். ஆனால் எங்கள் போன் பேச்சு “என்னடா”, “ஒண்ணுமில்லடா”, “சரி, வை” என்பதைத் தாண்டியதில்லை என்பதும் உண்மைதான்.

இன்னொன்று 2014இல் வந்தது. 24 மாணவர்களின் போன் பதிவுகளை இதேபோல 18 மாதம் பார்த்தார்கள். நெருக்கமானவனுக்கு இவ்வளவு, அடுத்தவனுக்கு இவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கீடு இருக்கிறது. பள்ளியை விட்டுப் போன பிறகும் அந்தப் பங்கீடு பெரிதாக மாறவில்லை, உள்ளே இருக்கும் ஆட்கள்தான் மாறிப்போனார்கள்.

“அப்ப என் நாற்காலியில வேற எவனோ உக்காருவானா?” என்றான் நெட்டையன். சிரித்தோம். எனக்கு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 10
நெட்டையன் போய்விட்டான். கட்டிப்பிடித்து, சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு ரயில் தாமதம் என்று அறிவித்தார்கள். அப்புறம் பேச ஒன்றுமில்லை. நால்வரும் அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் அம்மா வேறு, “பேசிக்கிட்டு இருங்கப்பா” என்று தள்ளிப்போய் நின்றுகொண்டார். வண்டி வந்ததும், சொன்னால் தப்பாக நினைப்பார்கள், நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 14
நானும் வந்து சேர்ந்தாயிற்று. எழுத நேரமில்லை.

ஆகஸ்ட் 23
வாட்ஸ்அப் குழுவில் இப்போது காலை வணக்கப் படம் மட்டும்தான் வருகிறது, அதுவும் தூங்குமூஞ்சியிடமிருந்து. வாத்திக்குப் பொறுக்கவில்லை. இணையத்தில் சதுரங்கம் தொடங்கிவிட்டான். அவனும் நெட்டையனும் ஒரு பக்கம், நானும் தூங்குமூஞ்சியும் ஒரு பக்கம். ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல் போதும். “குதிரையை ஏன்டா அங்க வச்ச?” என்று ஆரம்பித்து, வகுப்பு, விடுதி, வீடு என்று பேச்சு தானாக எங்கெங்கோ போகிறது.

அறைத்தோழன் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பிசிராந்தையாரை இழுத்தான். கோப்பெருஞ்சோழனைப் பார்க்காமலே நட்பு வளர்த்தாரே என்று. அவர்கள் உயிரோடு இருந்தவரை சந்திக்கவே இல்லை, அதனால் பிரியவேண்டிய வேலையும் இல்லை என்றேன். ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு அந்தக் கதை எப்படி உதவும்?

செப்டம்பர் 6
அறைத்தோழன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு நகர்த்தல் சொன்னான். எதிரணியின் யானை விழுந்தது. ஐந்து நிமிடத்தில் வாத்தியிடமிருந்து செய்தி: “இது உன் மூளை இல்லையே. பக்கத்துல யாரு?”

சொன்னேன்.

“அவனையும் சேத்துவிடு. இங்க என் வகுப்புல ஒருத்தன் இருக்கான், படு மோசமா ஆடறான், அவனையும் சேத்துக்கலாம்.”

தூங்குமூஞ்சி சரி என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டான். நெட்டையன் மட்டும், நாலு பேர் ஆட்டத்தில் புது ஆளுக்கெல்லாம் என்ன வேலை என்று ராத்திரியிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். யானை போன கடுப்பு.