இன்னும் எத்தனை ரெப் மிச்சம்?

ஜிம் நோட்டில் எடை, ரெப் (ஒரு முறை தூக்கி இறக்குவது; அப்படிச் சில சேர்ந்தது ஒரு செட்) பக்கத்தில் இப்போது இன்னொரு கட்டமும் போட்டிருக்கிறேன். அந்த செட் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதற்கு மார்க். ஜிம் ஆட்கள் இதை ஆர்.பி.ஈ., அதாவது நாம் உணரும் உழைப்பின் மதிப்பீடு, என்பார்கள். பத்து என்றால் இன்னொரு ரெப்புக்கு வழியே இல்லை. ஒன்பது என்றால் ஒன்று மிச்சம், எட்டு என்றால் இரண்டு.

இதற்கு மூலம், ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் போட்ட அளவுகோல். அது 6-ல் தொடங்கி 20-ல் முடியும். சொல்கிற எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத் துடிப்பு வர வேண்டும் என்பது கணக்கு. சைக்கிள் மிதிப்பவருக்குச் சரி. எடை மாட்டிய இரும்பு பார் தூக்குகிறவர்களுக்கு ஏற்றபடி அதை மிச்ச ரெப் கணக்காகப் பரப்பியவர் அமெரிக்க பவர்லிஃப்டர் மைக் டுஷெரர்.

பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில்தான் நிறைய பிடிபட்டது. 80 கிலோவில் ஐந்து ரெப் முடித்து பாரை ரேக்கில் வைத்ததும் மூச்சு வாங்கும். கை தானாக ஒன்பது என்று எழுதப் போகும். பக்கவாட்டில் வைத்த போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தால் ஐந்தாவது ரெப்பும் முதல் ரெப் வேகத்திலேயே எழும்புகிறது. அது ஏழுதான். நிஜமான ஒன்பதில், தொடை கிடைமட்டத்தைத் தாண்டி எழும் இடத்தில் பார் ஒரு நொடி நின்று யோசிக்கும். அதனால் மூச்சு அடங்கிய பிறகு, வீடியோ பார்த்துத்தான் எழுதுகிறேன்.

காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில் பதினைந்து ரெப் போகும்போது இந்த மார்க்குக்கு அர்த்தமே இல்லை. தொடை எரிகிற எரிச்சலில் "அவ்வளவுதான் மாஸ்டர்" என்றேன். "இன்னும் இருக்கு தம்பி, போடு" என்றார். இன்னும் நான்கு போனது! ரெப் குறைவாக, எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் ஊகம் ஓரளவு பலிக்கிறது. தரையிலிருந்து பாரைத் தூக்கும் டெட்லிஃப்டில் முதுகு களைப்பதற்கு முன்பே கைப்பிடி விட்டுவிடுகிறது. அங்கே மார்க்குக்குப் பதில் 'கை' என்று மட்டும் எழுதுகிறேன். எட்டரை, ஒன்பதரை எல்லாம் போட்டிக்குப் போகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு அரை மார்க் வேண்டாம்.

பலன் கிடைப்பது தூக்கம் கெட்ட நாட்களில். முதல் செட்டே ஒன்பது காட்டினால் எடையை 75 கிலோவுக்கு இறக்கிவிட்டு மிச்ச செட்களை ஒழுங்காக முடிக்க முடிகிறது. அடுத்த வாரம், படுத்துக்கொண்டு பாரைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸின் கடைசி செட்டில் மட்டும், ஊகத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, பாரைப் பிடிக்கப் பக்கத்தில் நிற்கும் ஸ்பாட்டர் துணையோடு, இனி ஒரு ரெப்பும் முடியாது என்கிற வரை போய்ப் பார்க்கப் போகிறேன்.