பாய்மரத்தை நாங்களே இறக்கி ஏற்றிய கோடை

இந்த வருடம் ஒரே ஒரு வேலையைத்தான் மனதில் வைத்திருந்தேன். கிரேன் இல்லாமல் பாய்மரத்தை நாங்களே இறக்கி, நாங்களே ஏற்ற வேண்டும்.

எங்கள் படகு நிற்பது கனடாவின் ஒன்டாரியோவில், ஸ்டர்ஜன் ஏரியில். ட்ரென்டனில் தொடங்கி போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீட்டர் ஓடும் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் இந்த ஏரியும் ஒன்று. ஏரி, ஆறு, வெட்டிய கால்வாய் என்று மாறி மாறி வரும். வழியில் இருக்கும் திறக்காத பாலங்களுக்கு அடியில் கிடைக்கும் உயரம் 6.7 மீட்டர்தான். எங்களுடையது 22 அடிப் படகு, பாய்மரத்தை நிறுத்தினால் அதன் உச்சி தண்ணீரிலிருந்து 9 மீட்டருக்கு மேல் போய்விடும். அதனால் மூன்று வருடம் ஒரே ஏரிக்குள் சுற்றிக்கொண்டிருந்தோம்.

ஏப்ரலில் தார்ப்பாயை எடுத்ததும் முதல் சிக்கல். பாய்மரத்தின் அடி உட்காரும் தட்டைச் சுற்றி மேல்தளம் லேசாக அமுங்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தேன், நல்ல இடத்தில் ‘டக்’ என்று கேட்டது, தட்டருகில் ‘தொப்’ என்று மந்தமாக. 1970களில் கட்டிய படகு இது. மேல்தளம் இரண்டு ஃபைபர் கிளாஸ் தோல்களுக்கு நடுவே பால்சா என்ற லேசான மரக்கட்டை வைத்துச் செய்தது, எடை குறைவு, உறுதி அதிகம், ஆனால் ஒரு போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கினால் போதும், கட்டை பஞ்சு மாதிரி ஊறிவிடும், குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரிந்து தோலிலிருந்து கட்டையைப் பிரித்துவிடும். பாய்மரத்தின் முழு அழுத்தமும் விழும் இடம் அது. அப்படியே விட்டுவிட்டு மரத்தை ஏற்றி இறக்கும் பேச்சுக்கே இடமில்லை.

முதலில் சோம்பேறி வழியில் போனேன். போல்ட் ஓட்டைகளைப் பெரிதாக்கி, வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டி உள்ளே சுழற்றி, அழுகிய கட்டையைத் துருவி எடுத்து, கலந்து ஊற்றினால் இறுகும் எபாக்ஸிப் பசையை ஊற்றினேன். சரிப்படவில்லை. உள்ளே ஈரம் காயவே இல்லை, வெளியே 8 டிகிரி, மூன்று நாள் கழித்தும் எபாக்ஸி பிசுபிசுவென்றே இருந்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க ஒரு முழு சனிக்கிழமை போயிற்று.

அப்புறம் செய்ய வேண்டியதைச் செய்தேன். மேல் தோலை 30 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டித் தூக்கினேன். அடியில் பால்சா கறுத்து, காப்பிச் சக்கை மாதிரி இருந்தது. நல்ல வெளிர்நிறக் கட்டை தெரியும் வரை வழித்தெடுத்து, ஹீட்டர் வைத்து ஒரு வாரம் உலரவிட்டேன். பால்சாவுக்குப் பதிலாக மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு, ஒவ்வொரு முகத்திலும் எபாக்ஸி தேய்த்து உட்காரவைத்தேன். மேலே வெட்டிய தோலை ஒட்டி, விளிம்புகளில் ஃபைபர் கிளாஸ் துணி போட்டேன். போல்ட் போகும் இடங்களைப் பெரிய ஓட்டையாகத் துளைத்து, சிலிக்கா தூள் கலந்த கெட்டி எபாக்ஸியால் அடைத்து, அந்த எபாக்ஸியின் நடுவில் மறுபடி துளை போட்டேன். இனி போல்ட்டைச் சுற்றிக் கசிந்தாலும் தண்ணீர் உள்ளே இருக்கும் கட்டையைத் தொடாது. வெயில் ஏறி 18 டிகிரி வந்த வாரத்தில்தான் இதையெல்லாம் செய்தேன், எபாக்ஸி மறுநாளே கல்லாக இறுகிவிட்டது.

ஜூனில் மரம் இறக்கும் ஏற்பாடு. பாய்மரத்தின் அடியிலிருந்து அணியத்தை, அதாவது படகின் முன்முனையைப் பார்த்து நீட்டிய ஒரு அலுமினியக் கம்பம், அதன் நுனியில் மரத்தை முன்பக்கம் பிடித்து நிறுத்தும் கம்பி, நுனியிலிருந்து அணியம் வரை கப்பி கட்டிய கயிறு. மரம் சாயும்போது கம்பம் நிமிரும், அதனால் கயிறு கடைசி வரை நல்ல கோணத்தில் இழுபடும். பக்கவாட்டில் ஆடாமல் இருக்க இரண்டு துணைக் கயிறுகள், அவற்றின் அடி முனை மரத்தின் கீல் இருக்கும் உயரத்துக்கே, அதற்கு நேராக வர வேண்டும், தள்ளி இருந்தால் பாதியில் ஒன்று இறுகும், மற்றது தொய்யும். பின்பக்கம் மரத்தைத் தாங்க, பெருக்கல் குறி மாதிரி ஒரு கட்டைத் தாங்கி.

முதல் தடவை நான் மரத்தடியில், மனைவி கயிற்றில். “இழுக்கவா, விடவா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதி வழியில் இடப்பக்கக் கம்பியின் டர்ன்பக்கிள், கம்பியை முறுக்கி இறுக்கும் திருகு, மடங்க இடமில்லாமல் சிக்கி, மரை வளைந்துபோனது. அதை மாற்றி, இப்போது இறக்குமுன் ஒவ்வொரு டர்ன்பக்கிளையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம். இன்னொரு விஷயம், தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்காமல் இதைத் தொடவே கூடாது, அலுமினிய மரம் அதில் உரசினால் உயிர் போய்விடும்.

ஜூலையில் கிளம்பினோம். ஃபெனலன் ஃபால்ஸில் மரத்தை இறக்கி லாக்குக்குள் போனோம், இரு பக்கமும் கதவை மூடி, தண்ணீரை நிரப்பிப் படகை மேல் மட்டத்துக்கு ஏற்றும் தொட்டி அது. சுவரில் தொங்கும் கேபிளைச் சுற்றிக் கயிற்றைப் போட்டுக் கையில் பிடித்திருக்க வேண்டும், கட்டிவிடக் கூடாது, தண்ணீரோடு படகும் ஏறும். மரம் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்ததால் அதன் நுனி கதவில் இடிக்காமல் பார்ப்பதுதான் பெரிய வேலை. கேமரன் ஏரி, ரோஸ்டேல் லாக், அதைத் தாண்டினால் பால்சம் ஏரி, கடல் மட்டத்திலிருந்து 256 மீட்டர், இந்த நீர்வழியின் உச்சி. அங்கே மரத்தை ஏற்றினோம். 50 நிமிடம். தட்டுக்கு அடியில் தளம் ஒரு முனகல்கூட முனகவில்லை. இரண்டு நாள் பாய் விரித்து ஓடினோம்.

மறுபடி இறக்கிவிட்டு கால்வாய்க்குள் நுழைந்தோம், மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத பாறை வெட்டு. மிட்செல் ஏரியில் பாசி மோட்டாரின் தண்ணீர் உறிஞ்சும் வாயை அடைத்தது, பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நின்றதைப் பார்த்து உடனே அணைத்தேன். பாசியை விரலால் நோண்டி எடுத்ததும் சரியாயிற்று.

அப்புறம் கிர்க்ஃபீல்ட் லிஃப்ட் லாக். படகோடு ஒரு பெரிய தொட்டிக்குள் போகிறோம், பக்கத்தில் இன்னொரு தொட்டி கீழே நிற்கிறது. மேல் தொட்டி கால்வாய் மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக நிற்பதால் அதில் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக ஏறிக்கொள்கிறது, அந்த எடையே அதைக் கீழே இறக்கி மற்றதை மேலே தூக்குகிறது. தொட்டியின் முனைக் கதவுக்கு அப்பால் வயல்வெளி மட்டும் தெரிந்தது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இறங்கி வெளியே வந்ததும் படகுப் பாதையைக் காட்டும் சிவப்பு மிதவைகள் இடப்பக்கம் மாறின, அதுவரை வலப்பக்கம் வந்தவை. இனி சிம்கோ ஏரி வரை இறக்கம்தான்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்ததும் மேல்தளத்தை மறுபடி தட்டிப் பார்த்தேன். ‘டக்’.